வினையிலிருந்து பாதைக்கு: வளர்சிதைமாற்றத் தரவுத்தளங்களைப் புதிதாகத் தொடுபவர்களுக்கு

உயிர்வேதியியலோ பயோஇன்ஃபர்மேடிக்ஸோ படிக்க வந்து, முதல் ப்ராஜெக்டில் "கெக் பாத்வே எடுத்துப் பாருங்க" என்று கைடு சொன்னதும் பெரும்பாலோர் செய்வது ஒன்றுதான். (கெக் என்பது உயிரிகளில் நடக்கும் வேதிவினைத் தொடர்களை, அதாவது பாதைகளை, வரைபடமாகத் தரும் தரவுத்தளம்.) பெரிய வரைபடத்தைத் திறப்பது, பச்சைப் பெட்டிகளைப் பார்ப்பது, ஸ்கிரீன்ஷாட் எடுத்து ரிப்போர்ட்டில் ஒட்டுவது. வேலை முடிந்த மாதிரி இருக்கும். ஆனால் அந்தப் படம் எந்த உயிரியைப் பற்றிச் சொல்கிறது, அதில் உள்ள ஒவ்வொரு அம்பும் யார் எந்தச் சோதனையில் கண்டது என்று வைவாவில் கேட்டால் பதில் இருக்காது. அதனால் இந்தக் கட்டுரையில் நேர்மாறான வரிசையில் போகலாம்: முதலில் ஒரு சேர்மம், அப்புறம் ஒரு வினை, அதன்பின் நொதி, கடைசியில்தான் பாதை. கூடவே ஒரே உதாரணத்தைக் கடைசிவரை பிடித்துக்கொள்வோம். ஃபீனைல்அலனின் என்ற அமினோ அமிலம் டைரோசின் என்ற இன்னொரு அமினோ அமிலமாக மாறும் வினை. பாடப்புத்தகத்தில் ஒரு வரியில் முடிந்துவிடும் இது, தரவுத்தளங்களில் தேடும்போதுதான் தன் முழு உருவத்தைக் காட்டும்.

முதலில் கேள்வியை எழுதுங்கள்

எந்தத் தளத்தையும் திறக்கும் முன் ஒரு காகிதத்தில் மூன்றே விஷயம் எழுதிக்கொள்ளுங்கள்: எந்த உயிரி, எந்தச் சேர்மம் அல்லது நொதி, கிடைக்கும் விடையை வைத்து என்ன செய்யப் போகிறீர்கள். மூன்றாவதுதான் எந்தத் தளத்துக்குப் போக வேண்டும் என்பதை முடிவு செய்கிறது. படம் வரைந்து விளக்க வேண்டுமா, நொதியின் வேகத்தை அறிய வேண்டுமா, கணினி மாடல் கட்ட வேண்டுமா, மாஸ் ஸ்பெக் (மூலக்கூறுகளை நிறையை வைத்து அடையாளம் காணும் கருவி) தரவை விளக்க வேண்டுமா என்பதைப் பொறுத்து வேறு வேறு தளம். எல்லாவற்றுக்கும் ஒரே தளம் போதும் என்ற எண்ணத்தை இங்கேயே விட்டுவிடுங்கள்.

நம் கேள்வி இது: மனித உடலில் ஃபீனைல்அலனின் எப்படி டைரோசினாகிறது, அது தடைபட்டால் எங்கெல்லாம் கோளாறு இருக்கலாம்? வெறும் பயிற்சிக் கேள்வி இல்லை. 1934ல் நார்வேயில் அஸ்பியோர்ன் ஃபோலிங் என்ற மருத்துவர், மனவளர்ச்சி குன்றிய இரண்டு குழந்தைகளின் சிறுநீரில் ஃபெரிக் குளோரைடு சேர்த்தபோது பச்சை நிறம் வந்தது. அதற்குக் காரணம் ஃபீனைல்பைருவிக் அமிலம். இந்த வினை தடைபடுவதால் வரும், ஃபீனைல்கீட்டோனூரியா என்று இன்று நாம் சொல்லும் நோய் அப்படித்தான் கண்டுபிடிக்கப்பட்டது.

சேர்மத்தை அடையாளம் காணுங்கள், பெயரை வைத்து அல்ல

பெயர் நம்பத் தகுந்ததல்ல. ஒரே பொருளுக்குப் பத்துப் பெயர் இருக்கும், ஒரே பெயர் இரண்டு பொருளுக்கும் ஓடும். அதனால் முதலில் கெபி என்ற தளத்துக்குப் போங்கள். இங்கிலாந்தின் ஹிங்ஸ்டனில் உள்ள ஐரோப்பிய உயிர்த்தகவலியல் நிறுவனம் நடத்துவது, இலவசம். அங்கே எல்-ஃபீனைல்அலனின் என்று தேடினால் குறைந்தது இரண்டு பதிவுகள் கண்ணில் படும். 17295 என்ற எண்ணில் மின்னூட்டமில்லாத வடிவம், 58095 என்ற எண்ணில் ஸ்விட்டர்அயனி வடிவம், அதாவது ஒரே மூலக்கூறில் நேர், எதிர் மின்னூட்டம் இரண்டும் உள்ளது. புதியவர்கள் இங்கேயே தடுமாறி "எது சரி?" என்று கேட்பார்கள். இரண்டும் சரி. உடலின் பிஹெச் அளவில் இருப்பது இரண்டாவது, பாட்டிலில் லேபிளாக ஒட்டியிருப்பது பெரும்பாலும் முதலாவது. எந்தத் தளம் எதைப் பயன்படுத்துகிறது என்று தெரிந்துகொண்டால் போதும்.

அடுத்து, அந்தப் பதிவிலேயே இருக்கும் இன்ச்சிகீயை எடுத்து வையுங்கள். மூலக்கூறின் கட்டமைப்பிலிருந்து கணக்கிட்டு எடுக்கும் 27 எழுத்துக் குறி அது. முதல் 14 எழுத்துகள் அணுக்கள் எப்படி இணைந்திருக்கின்றன என்பதைக் குறிக்கும், நடுப்பகுதியில் முப்பரிமாண அமைப்பு வரும், கடைசி ஒற்றை எழுத்து புரோட்டான் கணக்கைச் சொல்லும். எல்-ஃபீனைல்அலனினுக்கும் டி-ஃபீனைல்அலனினுக்கும் முதல் 14 எழுத்துகள் ஒன்றே, நடுப்பகுதிதான் மாறும். பைருவிக் அமிலத்துக்கும் பைருவேட்டுக்கும் கடைசி எழுத்து மட்டும் மாறும். இரண்டு தளங்களில் உள்ள பட்டியல்களை இணைக்கும்போது, முழுக் குறியும் பொருந்தவில்லை என்றால் முதல் 14 எழுத்துகளை மட்டும் வைத்துப் பொருத்திப் பாருங்கள், அப்புறம் கண்ணால் சரிபாருங்கள். பெயரை வைத்து எக்செல்லில் வி-லுக்கப் போடுவதைவிட இது ஆயிரம் மடங்கு நல்லது.

கெக்கில் இதே சேர்மத்துக்கு ஆங்கில சி எழுத்தோடு 00079, டைரோசினுக்கு 00082. குறித்துக்கொள்ளுங்கள்.

வினையைப் பாருங்கள்

வினைக்கு நான் முதலில் போகச் சொல்வது ரீயா என்ற தளம். சுவிட்சர்லாந்தின் சுவிஸ்-பிராட் குழு பராமரிக்கிறது. ஒவ்வொரு வினையும் ஆய்வுக் கட்டுரையைப் படித்து ஆட்கள் கையால் பதிவு செய்தது, அணுக் கணக்கும் மின்னூட்டக் கணக்கும் இரு பக்கமும் சமன் செய்யப்பட்டது, சேர்மங்கள் எல்லாம் பிஹெச் 7.3ல் உள்ள வடிவத்தில் கெபி எண்களோடு இருக்கும். ஒரு வினைக்கு நான்கு எண்கள் இருப்பதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்: திசை சொல்லாதது, இடமிருந்து வலம், வலமிருந்து இடம், இருபக்கமும். திசை பற்றி உங்களுக்கு ஆதாரம் இல்லையென்றால் திசை சொல்லாத எண்ணையே குறியுங்கள்.

இப்போது நம் வினை. பழைய புத்தகங்களில் இப்படி இருக்கும்: ஃபீனைல்அலனின், டெட்ராஹைட்ரோபயோப்டெரின் (நொதிக்கு உதவும் துணைப்பொருள்), ஆக்சிஜன் மூன்றும் சேர்ந்து டைரோசின், டைஹைட்ரோபயோப்டெரின், நீர். ரீயாவில் வலப்பக்கம் வேறு. டைரோசினோடு 4ஏ-ஹைட்ராக்சி-டெட்ராஹைட்ரோபயோப்டெரின் என்ற பொருள் வருகிறது, நீரே இல்லை. எது சரி என்று அணுவை எண்ணிப் பார்க்கலாம். ஆக்சிஜன் அணுக்களை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். இடப்பக்கம் ஃபீனைல்அலனினில் 2, டெட்ராஹைட்ரோபயோப்டெரினில் 3, ஆக்சிஜன் மூலக்கூறில் 2, மொத்தம் 7. ரீயாவின் வலப்பக்கம் டைரோசினில் 3, ஹைட்ராக்சி வடிவத்தில் 4, மொத்தம் 7. பழைய வடிவத்தின் வலப்பக்கம் 3, 3, நீரில் 1, அதுவும் 7. இரண்டுமே சமன் ஆகிறது! ஆகவே சமன்பாடு சரியாக வருகிறது என்பதால் மட்டும் வினை சரி என்று ஆகிவிடாது.

உண்மையில் நடப்பது மூன்று படி. முதல் நொதி ஃபீனைல்அலனின் ஹைட்ராக்சிலேஸ், ஆக்சிஜனின் ஒரு அணுவை டைரோசினுக்கும் இன்னொன்றை பயோப்டெரினுக்கும் கொடுக்கிறது. பிசிபிடி1 என்ற மரபணுவின் நொதி அந்த ஹைட்ராக்சி வடிவத்திலிருந்து நீரைப் பிரித்து குயினாய்டு டைஹைட்ரோபயோப்டெரின் ஆக்குகிறது. க்யூடிபிஆர் மரபணுவின் நொதி அதை என்ஏடிஹெச் உதவியோடு மறுபடி டெட்ராஹைட்ரோபயோப்டெரின் ஆக்குகிறது. பழைய சுருக்கச் சமன்பாட்டை மட்டும் எடுத்துக்கொண்டால் நடுவிலுள்ள நொதி காணாமலே போய்விடும்.

இதில் பெரிய விஷயம் என்னவென்றால், பிறந்த குழந்தைக்கு ரத்தத்தில் ஃபீனைல்அலனின் அதிகம் இருந்தால் எப்போதும் முதல் நொதிதான் காரணம் என்று இல்லை. க்யூடிபிஆர் குறைபாடாகவும் இருக்கலாம். அப்போது உணவுக் கட்டுப்பாடு மட்டும் போதாது, ஏனென்றால் டோபமைனும் செரோட்டோனினும் தயாரிக்கும் நொதிகளுக்கும் அதே டெட்ராஹைட்ரோபயோப்டெரின் வேண்டும். ஒரு தரவுத்தளம் துணைப்பொருளைச் சின்னதாக ஓரத்தில் போட்டிருப்பதற்கும், அது ஒரு குழந்தையின் சிகிச்சையைத் தீர்மானிப்பதற்கும் இடையே உள்ள தூரம் இவ்வளவுதான். நான் வினையிலிருந்து தொடங்கச் சொல்வது இதற்காகத்தான்.

நொதிக்கு யூனிபிராட், வேகத்துக்கு பிரெண்டா

நொதியின் இசி எண், அதாவது நொதிகளை அவை செய்யும் வினையை வைத்து வகைப்படுத்தும் எண், 1.14.16.1. முதல் எண் வகுப்பு, 1 என்றால் ஆக்சிஜனேற்ற-ஒடுக்க நொதிகள். 2018 வரை ஆறு வகுப்புகள்தான் இருந்தன, அந்த ஆண்டு சவ்வைக் கடந்து அயனிகளையும் மூலக்கூறுகளையும் கடத்தும் நொதிகளுக்காக ஏழாவது சேர்ந்தது. பழைய பட்டியலை வைத்துக்கொண்டு வேலை செய்தால் சில எண்கள் பொருந்தாமல் போவதற்கு அது ஒரு காரணம். இன்னொன்றை மனதில் வையுங்கள்: இசி எண் வினையைக் குறிக்கிறது, ஒரு குறிப்பிட்ட புரதத்தை அல்ல. ஒரே எண்ணின் கீழ் ஒன்றுக்கொன்று உறவே இல்லாத புரதங்கள் இருக்கும்.

புரதத்துக்கு யூனிபிராட். மனித ஃபீனைல்அலனின் ஹைட்ராக்சிலேஸின் பதிவு பி00439, 452 அமினோ அமிலங்கள், இரும்பு அயனி தேவை. அந்தப் பக்கத்தில் வினை எழுதியிருக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே ஆதாரக் குறி இருக்கும், அதைத் தட்டிப் பாருங்கள். ஆய்வுக் கட்டுரை வருகிறதா, அல்லது இன்னொரு புரதத்தோடு ஒத்திருப்பதால் ஊகித்தது என்று வருகிறதா? இந்த ஒரு க்ளிக்கைப் பழக்கமாக்கிக்கொண்டால் போதும், உங்கள் வேலையின் தரமே மாறிவிடும்.

வேகம், பிணைப்பு, பிஹெச், வெப்பநிலை இதெல்லாம் வேண்டுமென்றால் பிரெண்டா. ஜெர்மனியின் பிரவுன்ஷ்வைக்கில் 1987ல் தொடங்கியது, முதலில் அச்சுப் புத்தகத் தொகுதிகளாக வந்தது. இசி எண்ணைப் போட்டால் கேஎம் மதிப்புகள் (நொதி தன் உச்ச வேகத்தில் பாதியை எட்டத் தேவையான வினைபொருள் செறிவு) ஒரு நீளமான அட்டவணையாகக் கொட்டும். சராசரி எடுத்துவிடாதீர்கள், தயவுசெய்து. நம் நொதியையே பாருங்கள். ஃபீனைல்அலனின் அதற்கு வினைபொருள் மட்டுமல்ல, அதை முடுக்கிவிடுவதும் அதுவே. சோதனைக்கு முன் நொதியை ஃபீனைல்அலனினோடு சிறிது நேரம் வைத்திருந்தார்களா இல்லையா என்பதைப் பொறுத்து எண் மாறும். முழுப் புரதமா, வினையூக்கப் பகுதி மட்டும் வெட்டியெடுத்ததா என்பதைப் பொறுத்தும் மாறும். இவை எல்லாம் அட்டவணையின் கடைசிப் பத்தியில், குறிப்புகள் என்ற தலைப்பில், சின்ன எழுத்தில் கிடக்கும். அந்தப் பத்தியை முதலில் படித்துவிட்டு எண்ணுக்கு வாருங்கள். உயிரியின் பெயரையும் வடிகட்டுங்கள், எலியின் மதிப்பை மனித மாடலில் போட வேண்டி வந்தால் எழுதிவைத்துவிட்டுப் போடுங்கள்.

இப்போது பாதை

கெக், ஜப்பானின் கியோட்டோ பல்கலைக்கழகத்தில் மினோரு கனேஹிசா 1995ல் தொடங்கியது. உலகம் முழுக்கப் பயன்படுகிறது, அதற்குத் தகுதியானதும்கூட. ஆனால் படிக்கும் விதம் தெரிய வேண்டும். சிறு வட்டம் சேர்மம், பெட்டி நொதி, வளைந்த ஓரமுள்ள பெட்டி வேறொரு பாதைக்குப் போகும் வழி. 'மேப்' என்று தொடங்கும் எண்ணில் வருவது மூல வரைபடம், பல உயிரிகளில் தெரிந்ததையெல்லாம் ஒன்றாக வரைந்தது. அப்படியே அது எந்த உயிரிக்குள்ளும் ஓடவில்லை. 'மேப்' இருக்குமிடத்தில் உயிரியின் மூன்று அல்லது நான்கெழுத்துச் சுருக்கத்தைப் போட்டால் அந்த உயிரியின் மரபணுத்தொகுதியில் உள்ள நொதிகள் மட்டும் பச்சையாகும். மனிதனுக்கு ஹெச்எஸ்ஏ, ஈ. கோலை பாக்டீரியாவின் கே-12 வகைக்கு ஈசிஓ.

00400 என்ற எண்ணுள்ள வரைபடத்தை எடுங்கள். தலைப்பு, ஃபீனைல்அலனின், டைரோசின், டிரிப்டோஃபேன் தொகுப்பு. ஈ. கோலைக்குப் போட்டால் படத்தின் முதுகெலும்பே பச்சையாக நிற்கும்: ஷிகிமேட் பாதை வழியாக கோரிஸ்மேட், அங்கிருந்து ப்ரிஃபனேட், அங்கிருந்து டைரோசின். ஆனால் ஃபீனைல்அலனினிலிருந்து டைரோசினுக்குப் போகும் நம் நொதி மட்டும் வெள்ளை, அது கே-12ல் இல்லை. மனிதனுக்கு மாற்றிப் போடுங்கள். கிட்டத்தட்ட மொத்தப் படமும் வெளுத்துவிடும். ஒரு ஓரத்தில் நம் ஹைட்ராக்சிலேஸும், சில அமினோ மாற்று நொதிகள் போன்றவையும் மட்டும் பச்சை. மனிதனால் ஃபீனைல்அலனினையும் டிரிப்டோஃபேனையும் தொகுக்க முடியாது, உணவில்தான் வர வேண்டும். அந்தப் பச்சை அமினோ மாற்று நொதிகளுக்கு உடலில் வேறு வேலைகள் இருக்கின்றன, இந்தப் படத்தில் அவை இருப்பதால் இந்தப் பாதை நம்மிடம் ஓடுகிறது என்று பொருள் இல்லை.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. மனித ரத்த மாதிரிகளில் வளர்சிதைப்பொருள்களை அளந்து, அந்தப் பட்டியலைச் செறிவுப் பகுப்பாய்வுக் கருவியில் (எந்தப் பாதையின் சேர்மங்கள் பட்டியலில் எதிர்பார்ப்பைவிட அதிகம் என்று பார்ப்பது) போட்டால், இதே "ஃபீனைல்அலனின், டைரோசின், டிரிப்டோஃபேன் தொகுப்பு" மேலே வந்து நிற்பது சர்வசாதாரணம். மனிதனுக்கென்று வெட்டிய பிறகு அந்தப் பாதையில் மிஞ்சுவது சில சேர்மங்கள்தான். ஃபீனைல்அலனினும் டைரோசினும் மாதிரியில் மாறியிருந்தாலே போதும், பி-மதிப்பு (தற்செயலாக இப்படி வரும் வாய்ப்பைச் சொல்லும் எண்) நன்றாக வந்துவிடும். உடனே "நோயாளிகளில் ஃபீனைல்அலனின் தொகுப்பு பாதிக்கப்பட்டுள்ளது" என்று எழுதிவிடுகிறார்கள். இல்லாத ஒன்று எப்படிப் பாதிக்கப்படும்? அங்கே எழுத வேண்டியது, இந்த இரண்டு அமினோ அமிலங்களின் அளவு மாறியிருக்கிறது, அதற்கு உணவு, கல்லீரல், தசைச் சிதைவு, ஹைட்ராக்சிலேஸின் செயல்பாடு என்று பல காரணங்கள் இருக்கலாம் என்பதுதான்.

பச்சை, வெள்ளை இரண்டைப் பற்றியும் இன்னொரு வார்த்தை. பச்சை என்றால் பெரும்பாலும் மரபணு வரிசை ஒத்திருப்பதை வைத்து ஒதுக்கியது, அந்த உயிரியில் சோதித்துப் பார்த்தது என்று அர்த்தமில்லை. வெள்ளை என்றால் அந்த வினை நடக்காது என்றும் இல்லை, அதற்கான மரபணு இன்னும் அடையாளம் காணப்படவில்லை என்பதாகவும் இருக்கலாம்.

இன்னொரு தளத்தில் கேட்டுப் பாருங்கள்

கெக் மட்டும் பார்த்து நிறுத்தாதீர்கள். மெட்டாசைக், அமெரிக்காவில் எஸ்ஆர்ஐ நிறுவனத்தில் பீட்டர் கார்ப் குழு உருவாக்கியது, பாதைகளைச் சின்னச் சின்ன அலகுகளாக, எந்த உயிரியில் சோதனையில் கண்டார்கள் என்ற விளக்கத்தோடு கொடுக்கும். 2013ல் வந்த ஓர் ஒப்பீட்டில் கெக் வரைபடம் ஒன்றில் சராசரியாக மெட்டாசைக் பாதையைவிட மூன்று மடங்குக்கும் அதிகமான வினைகள் இருந்தன. ஆகவே "இந்தப் பாதையில் எத்தனை வினை" என்ற கேள்விக்கு இரு தளமும் வேறு வேறு விடை சொன்னால் அது பிழை இல்லை, எல்லை போட்ட விதம் வேறு. அதன் சகோதரத் தளமான ஈகோசைக் ஈ. கோலைக்கு மட்டும், அந்தப் பாக்டீரியாவில் வேலை செய்பவர்கள் வேறெங்கும் முதலில் போக வேண்டாம். இவை அடங்கிய பயோசைக் தொகுப்பில் பெரும்பகுதிக்குச் சந்தா கட்ட வேண்டும். உங்கள் கல்லூரி நூலகத்தில் கேட்டுப் பாருங்கள், ஈகோசைக் இலவசம்.

மனிதனுக்கு ரியாக்டோம். இதில் வினை செல்லின் எந்தப் பகுதியில் நடக்கிறது என்பது வரை குறித்திருக்கும், சைட்டோசாலா மைட்டோகாண்ட்ரியாவா என்று தெளிவாகத் தெரியும். ஒவ்வொரு வினைக்கும் கட்டுரை ஆதாரம் உண்டு. எலி, பழ ஈ என்று மற்ற உயிரிகளையும் காட்டும், ஆனால் அவை மனிதப் பாதையிலிருந்து கணினி ஊகித்தவை. பழ ஈயில் வேலை செய்பவர்கள் இதைத் தெரியாமல் மேற்கோள் காட்டிவிடக் கூடாது.

கணக்குப் போடப் போகிறவர்களுக்கு

வினைப் பட்டியலை இறக்கி நெட்வொர்க் கட்டி "குளுக்கோசிலிருந்து பைருவேட்டுக்குக் குறுகிய வழி" தேடினால் கணினி இரண்டே படி என்று சொல்லும். ஹெக்சோகைனேஸ் வினையில் குளுக்கோஸிலிருந்து ஏடிபி ஆனது, பைருவேட் கைனேஸ் வினையில் ஏடிபியிலிருந்து பைருவேட் ஆனது, அவ்வளவுதான்! இங்கே ஏடிபி என்று நான் சொல்வது இரண்டு பாஸ்பேட் உள்ள அடினோசின் டைபாஸ்பேட், மூன்று உள்ள டிரைபாஸ்பேட் அல்ல. கார்பன் ஒன்றுகூட அந்த வழியில் குளுக்கோசிலிருந்து பைருவேட்டுக்குப் போகவில்லை. நீர், புரோட்டான், டைபாஸ்பேட், டிரைபாஸ்பேட், என்ஏடி போன்றவை ஏராளமான வினைகளைத் தொடுவதால் இந்தக் குளறுபடி. அவற்றை நீக்கிவிட்டுத் தேடுங்கள், அல்லது அணு எங்கே போகிறது என்ற தகவலை வைத்துத் தேடுங்கள்.

கெக்கின் வினைப்பதிவுகள் எல்லாம் இருபக்க அம்போடுதான் எழுதியிருக்கும். மாடலில் அப்படியே போட்டால் எல்லா வினையும் பின்னோக்கியும் ஓடும். திசைக்கு, ஏற்கெனவே சரிபார்த்த மாடல்களைப் பாருங்கள். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியாகோ வளாகத்தில் பால்சன் குழுவின் பிக் மாடல்ஸ் தளம் அதற்கு நல்ல இடம். புதியவர்கள் அங்கே ஈ. கோலை கோர் மாடலை எடுங்கள், 95 வினை, 72 வளர்சிதைப்பொருள். பைத்தானில் கோப்ராபை என்ற, இத்தகைய மாடல்களை ஓட்டும் நிரல்தொகுப்பை நிறுவி ஓட்டினால், குளுக்கோஸ் உள்ளெடுப்பு 10 என்ற இயல்பு நிலையில் வளர்ச்சி வேகம் மணிக்கு 0.874 வரும். ஆக்சிஜனை 0 ஆக்கி மறுபடி ஓட்டுங்கள், 0.212க்கு இறங்கும். இந்த இரண்டு எண்ணும் வந்தால் உங்கள் அமைப்பு சரியாக வேலை செய்கிறது, அப்புறம் பெரிய மாடலுக்குப் போகலாம்.

தளங்களுக்கிடையே எண்களை மாற்ற மெட்டாநெட்எக்ஸ் உதவும். முழுக்க நம்பிவிடாமல் முக்கியமான இருபது முப்பது வரிகளையாவது கண்ணால் பாருங்கள்.

உரிமமும் குறிப்பேடும்

கெக் பக்கங்களைப் படிப்புக்காக உலாவியில் பார்ப்பது இலவசம். மொத்தமாக இறக்க 2011 முதல் கட்டணம். அதன் ரெஸ்ட் வழி (நிரல் மூலம் தரவு கேட்கும் வழி) கல்வி நிறுவனப் பயனர்களுக்கு மட்டும், அதிலும் நொடிக்கு மூன்று கோரிக்கைக்கு மேல் அனுப்பாதீர்கள், அனுப்பினால் உங்கள் கல்லூரி இணைப்பே தடுக்கப்படலாம். ரீயா, கெபி, பிரெண்டா மூன்றும் பெயர் சொல்லிப் பயன்படுத்தினால் போதும். கம்பெனியில் வேலை செய்பவர்கள் எதையும் தொடும் முன் உரிமப் பக்கத்தைப் படியுங்கள்.

எடுத்த ஒவ்வொன்றுக்கும் தளத்தின் பெயர், பதிவு எண், வெளியீட்டு எண், பார்த்த தேதி நான்கையும் எழுதிவையுங்கள். ரியாக்டோம் ஆண்டுக்கு நான்கு முறை புதுப்பிக்கிறது, ஆறு மாதம் கழித்து நீங்களே உங்கள் படத்தை மறுபடி எடுக்க முடியாமல் போகலாம். பிழை கண்டால் தளத்துக்கு எழுதுங்கள். எல்லாவற்றிலும் கருத்துப் படிவம் இருக்கிறது, கட்டுரை ஆதாரத்தோடு எழுதினால் அங்கே இருப்பவர்கள் உண்மையிலேயே பார்க்கிறார்கள்.

இனி உங்கள் பங்கு. டைரோசினுக்கு அப்புறம் என்ன நடக்கிறது என்று இதே வரிசையில் தேடுங்கள்: சேர்மம், வினை, நொதி, பாதை. ஹோமோஜென்டிசேட் என்ற பொருளைத் தாண்டிப் போவீர்கள், ஆர்ச்சிபால்ட் காராட் 1902ல் அல்காப்டோனூரியா என்ற நோய் பற்றி எழுதியது அந்தப் படி தடைபடுவதைப் பற்றித்தான். அதற்கு ஒரு படி முன்னால் இசி 1.13.11.27 என்ற நொதி இருக்கிறது. டைரோசினீமியா முதல் வகை என்ற நோய்க்குக் கொடுக்கும் நிடிசினோன் மருந்து அந்த நொதியைத்தான் தடுக்கிறது. அந்த நோயின் கோளாறோ பாதையின் கடைசி நொதியில். இடையிலேயே தடுத்தால் ஏன் பலன் கிடைக்கிறது, அந்த மருந்து எடுப்பவருக்கு ரத்தத்தில் டைரோசின் ஏன் ஏறுகிறது? இரண்டு கேள்விக்கும் விடை வரைபடத்திலேயே இருக்கிறது.